கொள்வோன் கடன்: பழைய இசைக்கருவி வாங்குதல் குறித்த ஓர் அறவியல் நோக்கு

அறம் பற்றிப் பேசப் புகுவோர் பெரும்பாலும் பெரிய நிகழ்ச்சிகளையே எடுத்துக்கொள்வர். போரிற் கொல்லுதல் தகுமா, கொடுங்கோலனை எதிர்த்தல் தகுமா, உயிரைக் காத்தற்பொருட்டுப் பொய் சொல்லுதல் தகுமா என்பன மெய்யியல் வகுப்புக்களில் இடையறாது எழும் வினாக்கள். நம் நாட்டவர்க்கு இவை வெறும் ஏட்டு வினாக்களாக இருந்ததில்லை என்பதும் உண்மையே. ஆயினும் ஒரு மனிதனின் அறவுணர்வு நாள்தோறும் சோதிக்கப்படும் இடம் போர்க்களமன்று, சந்தையாகும். வாங்குதலும் விற்றலும் இன்றி ஒருநாளும் கழிவதில்லை. பேரம் பேசி, விலை தீர்த்து, பணத்தைக் கொடுத்துப் பொருளைப் பெற்ற பின்னர் இருவரும் தத்தம் வழியே செல்கின்றனர். இருவரும் உடன்பட்ட விலை என்பதனாலேயே அது நீதியான விலையாகிவிடுமா? இவ்வினாவைப் பழைய இசைக்கருவி ஒன்றை வாங்குதல் என்னும் சிறு நிகழ்ச்சியின் வாயிலாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வள்ளுவர் வாணிகம் பற்றிய தம் கருத்தை நடுவுநிலைமை என்னும் அதிகாரத்தில் வைத்திருப்பது கருதத்தக்கது. பிறர் பொருளையும் தம் பொருள்போற் பேணுதலே வாணிகர்க்கு வாணிகமாவது என்பது அவர் துணிபு. பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் போற்றுமிடத்து, அவர்கள் கொள்ளும்போது மிகையாகக் கொள்ளாமையையும் கொடுக்கும்போது குறைவாகக் கொடாமையையும் ஒருங்கே கூறுகின்றது. கொடுத்தல் மட்டுமன்றிக் கொள்ளுதலும் அறத்தின் எல்லைக்குள் வருவதே என்பது இதனாற் பெறப்படும். ஆனால் இக்காலத்தில் நம் சிந்தனை விற்போன்மீதே நின்றுவிட்டது. நிறை குறைப்பவனையும் கலப்படம் செய்பவனையும் பழுதை மறைப்பவனையும் நாம் கண்டிக்கின்றோம். வாங்குவோன் எப்போதும் ஏமாற்றப்படுபவனாகவே நம் மனக்கண்ணில் தோன்றுகின்றான். அவனும் ஏமாற்றக்கூடும் என்பதை மறந்துவிடுகின்றோம்.

புதிய பொருளை வாங்கும்போது இம்மறதியால் பெருங்கேடு விளைவதில்லை. புதிய பொருளுக்கு விலை குறிக்கப்பட்டிருக்கும். பல கடைகளில் ஒரே பொருள் கிடைக்கும். செய்தவன் யார் என்பதும் தெரியும். பழைய பொருளோ அத்தகையதன்று. அதற்கு எங்கும் விலை எழுதப்பட்டிருப்பதில்லை. அதன் உள்ளே இருக்கும் பழுதுகளை விற்போன் அறிவான்; வாங்குவோன் அறியான். அதன் வெளியுலக மதிப்பை வாங்குவோன் அறிவான். விற்போன் பலவேளை அறியான். இவ்வாறு இரண்டு அறியாமைகள் எதிரெதிர் நின்று பேரம் பேசுகின்ற இடம் பழைய பொருட் சந்தை. இவற்றுள் முதலாவது அறியாமையைப் பற்றிச் சட்டமும் வழக்கமும் நிறையக் கூறியுள்ளன. இரண்டாவதைப் பற்றிக் கூறியவை மிகச் சில.

இதற்குத் தெளிவான உதாரணமாக அமைவது மின்பியானோ என்னும் கருவி. அமெரிக்கரான ஹறல்ட் றோட்ஸ் என்பவர் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் காயமுற்றுப் படுக்கையிற் கிடந்த வீரர்களுக்குப் பியானோ கற்பிக்க முற்பட்டார். ஆகாயவிமானங்களிலிருந்து கழிக்கப்பட்ட அலுமினியக் குழாய்களைக் கொண்டு, மடியில் வைத்து வாசிக்கத்தக்க சிறு கருவியொன்றை அவர் அமைத்தார். பின்னாளில் அவர் பெயரால் வழங்கிய மின்பியானோ அம்முயற்சியிலிருந்தே வளர்ந்தது. அதில் சுத்தியல் மெல்லிய உருக்குக் கம்பியைத் தட்ட, அதன் அதிர்வைக் காந்தச் சுருள் மின்னோட்டமாக மாற்றுகின்றது. 1950களின் நடுப்பகுதியில் வேர்லிற்சர் நிறுவனம் வெளியிட்ட மின்பியானோவிலோ கம்பிக்குப் பதிலாக உருக்கு நாக்குகள் அமைந்திருந்தன. நம் ஆர்மோனியப் பெட்டியிலுள்ள றீட் என்னும் பித்தளை நாக்கினை இதன் நெருங்கிய உறவு எனலாம். ஒன்றைக் காற்று அசைக்கின்றது. மற்றதைச் சுத்தியல் அசைக்கின்றது. 1959 இல் றே சார்ள்ஸ் இசைத்த ஒரு புகழ்பெற்ற பாடல் இக்கருவியின் ஒலியோடுதான் தொடங்குகின்றது.

இக்கருவிகளின் விலைக்கு நேர்ந்த கதி நமது ஆராய்ச்சிக்கு முக்கியமானது. 1983 இல் யமஹா நிறுவனம் டி.எக்ஸ். 7 என்னும் எண்முறை இசைக்கருவியை வெளியிட்டது. ஒருவர் கையில் தூக்கிச் செல்லத்தக்க அதனுள்ளேயே மின்பியானோவை ஒத்த ஒலியும் அடங்கியிருந்தது. 1980களின் நடுப்பகுதிக்குள் றோட்ஸ், வேர்லிற்சர் ஆகிய இரண்டின் உற்பத்தியும் நின்றது. பாரமான பழைய கருவிகளை வைத்திருந்தோர் கிடைத்த விலைக்கு விற்றனர். சிலர் வீசியும் விட்டனர். பின்னர்க் காலம் திரும்பியது. போலி ஒலி போலியே என்பதை உணர்ந்த இசைஞர் பழைய கருவிகளைத் தேடத் தொடங்கினர். இன்று நல்ல நிலையிலுள்ள வேர்லிற்சர் ஒன்றின் விலை இலங்கை நாணயத்திற் பல இலட்சம் ரூபா ஆகும். கருவி மாறவில்லை, அதன் உருக்கு நாக்குகள் அறுபத்துநான்கும் அன்றுபோலவே இருக்கின்றன. மாறியது அதனைப் பற்றிய மனிதரின் மதிப்பீடு. அம்மாற்றத்தை அறிந்தவனும் அறியாதவனும் சந்திக்கும்போதுதான் அறவினா பிறக்கின்றது.

நெடுந்தீவில் அத்தகைய சந்திப்பொன்று நிகழ்வதாகக் கற்பித்துக்கொள்வோம். முருகைக்கல் அடுக்கிய மதில் சூழ்ந்த ஒரு வீடு. அவ்வீட்டாரின் உறவினர் ஒருவர் எழுபதுகளிற் கப்பலிற் பணிபுரிந்து திரும்பியபோது கொண்டுவந்த மின்பியானோ மூலையிற் கிடக்கின்றது. அவர் இப்போது இல்லை. 1990 இலிருந்து பல ஆண்டுகள் யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்கள் மின்சாரமின்றி வாழ்ந்தனர். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. அக்காலத்தில் ஆர்மோனியம் பாடியது, மின்பியானோ ஊமையாயிற்று. பின்னர் மின்சாரம் வந்தும் அதனைத் தொட எவரும் துணியவில்லை. துணியாமையும் நன்றே. அமெரிக்காவிற் பயன்படுத்தவென அமைந்த அக்கருவி 120 வோல்ற்றுக்கு உரியது. நம் நாட்டு 230 வோல்ற்று மின்னை மின்மாற்றியின்றி நேரே கொடுத்திருந்தால் அது எரிந்திருக்கும். இப்போது குறிகட்டுவானிலிருந்து படகேறி ஒருவர் வருகின்றார். அவர் இசைக்கருவிகளை நன்கு அறிந்தவர். கருவியைப் பார்த்த மாத்திரத்தே அதன் பெறுமதியையும் அறிந்துகொள்கின்றார். விலை கேட்கின்றார். வீட்டுக்காரர் தயங்கி, “பதினையாயிரம் தாங்கோ” என்கின்றார். இவர் என்ன செய்தல் வேண்டும்?

முதலிற் சட்டத்தை நோக்குவோம். நெடுந்தீவே இவ்விடயத்தில் நமக்கு ஒரு பாடம் சொல்லக்கூடிய இடமாகும். 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் தம் நாட்டு நகரங்களின் பெயர்களை இத்தீவுகளுக்குச் சூட்டினர். காரைதீவு அம்ஸ்ரடாம் ஆயிற்று. வேலணைத் தீவு லெய்டன் ஆயிற்று. நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. நெடுந்தீவின் புல்வெளிகளில் அவர்கள் குதிரை வளர்த்தனர். இன்றும் அங்கு கட்டாக்காலிகளாகத் திரியும் குதிரைகள் அந்நாளை நினைவூட்டுகின்றன. குதிரை விற்பனை என்பது பழங்காலந்தொட்டே மறைத்த பழுதுக்குப் பேர்போன தொழில். உரோம நகரின் சந்தை அதிகாரிகள், விலங்குகளை விற்போர் அவற்றின் நோயையும் குற்றத்தையும் வெளிப்படையாகக் கூறுதல் வேண்டும் என்று கட்டளையிட்டிருந்தனர். அக்கட்டளை உரோம ஒல்லாந்தச் சட்டத்துட் புகுந்து, ஒல்லாந்தரோடு இலங்கைக்கும் வந்து சேர்ந்தது. ஆயினும் குதிரையின் நோயை விற்போன் சொல்லவேண்டும் என்ற அச்சட்டம், குதிரையின் உயர்குலத்தை வாங்குவோன் சொல்லவேண்டும் என்று கூறவில்லை.

பின்வந்த சட்டமும் இவ்வழியே சென்றது. ஆங்கிலச் சட்டத்தைத் தழுவி இயற்றப்பட்ட 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச்சட்டம் விற்போனின் பொறுப்புக்களை வரையறுத்தது. அறிந்த வாங்குவோனின் மௌனத்தைக் குற்றமாக்கவில்லை. நிலத்தைப் பொறுத்தமட்டிலேயே வேறொரு போக்கினைக் காண்கின்றோம். நியாய விலையிற் பாதிக்கும் குறைவான தொகைக்கு நிலத்தை விற்றுவிட்டவன் அவ்விற்பனையைத் தள்ளும்படி கேட்கலாம் என்னும் விதி உரோமச் சட்டத்திலிருந்து வந்து நம் நாட்டு வழக்கிலும் இடம்பெற்றது. 1707 இல் தொகுக்கப்பட்ட தேசவழமையோ மற்றொரு வழியைக் கண்டது. காணியை விற்க நினைப்பவன் தன் எண்ணத்தை உரித்தாளர்க்கும் பங்காளர்க்கும் அயலவர்க்கும் முன்கூட்டியே அறிவித்தல் வேண்டும் என்பது அவ்வழமை. 1947 ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வுரிமையைச் சுருக்கிற்று. குடும்பச் சொத்து அந்நியர் கைக்குப் போகாது தடுப்பதே இவ்வழமையின் முதல் நோக்கம். எனினும் அதன் விளைவு பெரிது. விற்பனை இருவருக்கிடையே இரகசியமாய் முடியாது, ஊரின் காதுக்கு எட்டியது. ஊரின் காதுக்கு எட்டிய பொருளை அரைவிலைக்குக் கொண்டுபோதல் எளிதன்று. ஆனால் இப்பாதுகாப்பு நிலத்துக்கே உரியது. மூலையிற் கிடக்கும் பெட்டிக்கு அது இல்லை.

சட்டம் தடுக்கவில்லை என்பதனால் அறம் தடுக்கவில்லை என்று கொள்ளலாகாது. இனி மெய்யியலாளர் கூறியவற்றை நோக்குவோம். கி. மு. 44 இல் சிசெரோ எழுதிய கடமைகள் பற்றிய நூலில் ஒரு புகழ்பெற்ற வழக்கு வருகின்றது. அதுவும் ஒரு தீவின் கதையே. அத்தீவின் பெயர் றோட்ஸ் என்பது தற்செயலான பெயரொற்றுமை. அங்கே பஞ்சம். அலெக்சாந்திரியாவிலிருந்து ஒரு வணிகன் தானியக் கப்பலோடு வந்து சேர்கின்றான். தனக்குப் பின்னே வேறு பல கப்பல்களும் வருகின்றன என்பதை அவன் அறிவான், தீவினர் அறியார். அதனை அவன் சொல்லுதல் வேண்டுமா? பாபிலோன் நகரத்து டயோஜெனிஸ், பொருளின் பழுதைச் சொன்னாற் போதும், ஏனையவற்றைச் சொல்லக் கடமையில்லை; சொல்லாதிருத்தல் வேறு, மறைத்தல் வேறு என்றார். அவருடைய மாணவராகிய அந்திபற்றரோ, மனிதகுலத்தின் நலத்துக்காகப் பிறந்த நாம் பிறர்க்குப் பயன்படும் உண்மையை அவர்களிடமிருந்து மறைக்கலாகாது என்றார். சிசெரோ அந்திபற்றரின் பக்கமே நின்றார்.

அதே நூலில் வாங்குவோன் பற்றிய மற்றொரு செய்தியும் உண்டு. ஸ்கைவோலா என்னும் உரோமச் சான்றோர் ஒரு தோட்டத்தை வாங்கச் சென்று, ஒரே சொல்லில் விலை கூறுமாறு கேட்டார். விற்போன் கூறினான். இதன் பெறுமதி நீர் கூறியதிலும் மிகுதி என்று சொல்லி, அவ்விலைக்கு மேல் ஓர் இலட்சம் உரோம நாணயங்களைக் கூட்டிக் கொடுத்தார் ஸ்கைவோலா. இதனை நல்லவனின் செயலென்று யாவரும் ஒப்புவர். ஆனால் அறிவுடையவனின் செயலென்று ஒப்பமாட்டார் என்று குறிப்பிடும் சிசெரோ, நன்மையையும் அறிவையும் இவ்வாறு பிரித்துப் பேசத் தொடங்கியதே கேட்டின் தொடக்கம் என்கின்றார். நம் ஊரிலும் இத்தகைய ஒருவரைப் ‘பாவம், உலகம் தெரியாதவர்’ என்றுதானே சொல்லுவோம்? அப்பேச்சிலேயே நம் தீர்ப்பு அடங்கியிருக்கின்றது.

13 ஆம் நூற்றாண்டினரான தோமஸ் அக்குவைனஸ் இச்சிக்கலை மேலும் நுணுக்கமாகப் பகுத்தார். பின்வரும் கப்பல்களைப் பற்றிச் சொல்லாத வணிகன் நீதியை மீறியவனல்லன். சொல்வானாயின் அது மிகுந்த நற்பண்பாகும் என்பது அவர் கருத்து. ஏனெனில் அது பொருளைப் பற்றிய செய்தியன்று. இனி வரப்போகும் நிலைமை பற்றிய செய்தி. ஆனால் பொருளின் தன்மையிலேயே விற்போன் தவறு கொண்டிருப்பானாயின் நிலைமை வேறு. ஒருவன் பொன்னைப் பித்தளையென எண்ணி விற்கின்றான். வாங்குவோன் அது பொன்னென அறிந்தும் வாங்குகின்றான். அவ்வாறு கொண்டது அநீதி, அதனை ஈடுசெய்ய அவன் கடமைப்பட்டவன் என்று அக்குவைனஸ் தெளிவாகக் கூறுகின்றார். விற்போனுக்குச் சொன்னது வாங்குவோனுக்கும் ஒக்கும் என்பதை இவ்வளவு வெளிப்படையாக எடுத்துரைத்தோர் மிகச் சிலரே.

இதற்கு மறுதலையான தீர்ப்பும் வரலாற்றில் உண்டு. 1815 இன் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் துறைமுகம் பிரித்தானியக் கடற்படையின் முற்றுகையால் முடங்கியிருந்தது. புகையிலையின் விலை வீழ்ந்திருந்தது. சமாதான உடன்படிக்கை கைச்சாத்தான செய்தியை முந்தி அறிந்த ஒரு வணிகர், விடிந்ததும் விடியாததுமாகச் சென்று பெருந்தொகைப் புகையிலையை வாங்கினார். விலையைக் கூட்டும் செய்தி ஏதும் உண்டா என்று கேட்டபோது அவர் மௌனமாயிருந்தார். சில மணிநேரத்தில் விலை முப்பது முதல் ஐம்பது வீதம் வரை உயர்ந்தது. 1817 இல் இவ்வழக்கை ஆராய்ந்த அமெரிக்க உயர்நீதிமன்றம், வெளிநிலைமை பற்றிய தன் அறிவை வாங்குவோன் வெளியிடக் கடமைப்பட்டவனல்லன் என்று கூறியது. ஆயினும் மற்றவனை ஏய்க்கும் சொல்லோ செயலோ இருத்தலாகாது என்று ஓர் எல்லையையும் இட்டது. இரு தரப்பினருக்கும் செய்தியைப் பெறும் வழி சமமாகத் திறந்திருக்கும்போது இதற்கு மாறான விதியைத் தக்க எல்லைக்குள் வரையறுப்பது கடினம் என்பதே அத்தீர்ப்பின் அடிப்படை.

‘சமமாகத் திறந்திருக்கும்போது’ என்னும் இந்த ஒரு நிபந்தனையிலேயே நமது வினாவின் திறவுகோல் இருக்கின்றதென்பது இக்கட்டுரையின் கருத்து. புகையிலை வணிகர் இருவரும் ஒரே நகரத்தவர், ஒரே தொழிலர், ஒரே செய்திக்குக் காத்திருந்தவர்கள். ஒருவர் முந்திக்கொண்டார். கொழும்பிலோ சென்னையிலோ பழைய இசைக்கருவி விற்கும் வணிகனிடம் ஒருவன் மின்பியானோவை மலிவாக வாங்குவானாயின், அவனை நாம் குறைகூற மாட்டோம். கருவியின் பெறுமதியை அறிதல் அவ்வணிகனின் தொழில். அறியாமை அவன் சோம்பலின் விளைவு. ஆனால் நெடுந்தீவு வீட்டுக்காரர் அத்தொழிலர் அல்லர். போர் அவருடைய அயலைக் கலைத்தது. இளையோர் வன்னிக்கும் கொழும்புக்கும் கடல் கடந்தும் சென்றுவிட்டனர். அக்கருவியை அறிந்த ஒருவரும் இறந்துவிட்டார். அவருடைய அறியாமை அவர் தேடிக்கொண்டதன்று, அவர்மேற் சுமத்தப்பட்டது. அந்த அறியாமையிலிருந்து ஆதாயம் பெறுபவன் உண்மையில் அப்போரிலிருந்தும் அக்கடலிலிருந்தும் ஆதாயம் பெறுகின்றான்.

இதற்கு மூன்று மறுப்புக்கள் எழலாம். முதலாவது: இன்று கைத்தொலைபேசி தீவிலும் உண்டே, விற்போர் தேடிப் பார்த்திருக்கலாமே என்பது. தேடுவதற்கு முதலில் தேடத்தக்கது ஒன்று உண்டென்ற ஐயம் பிறத்தல் வேண்டும். பழைய இரும்பென்று எண்ணியவன் எதனைத் தேடுவான்? அக்குவைனஸ் கூறிய பொன்னுக்கும் பித்தளைக்கும் இடைப்பட்ட தவறு இதுவே. வீட்டுக்காரர் விலையைக் குறைவாக மதித்தார் என்பதிலும் பார்க்கப் பொருளின் இனத்தையே மாறாக அறிந்தார் என்பது பொருந்தும்.

இரண்டாவது மறுப்பு வலிமை மிக்கது. வாங்குவோனின் அறிவு வானத்திலிருந்து விழுந்ததன்று. பல ஆண்டு உழைத்துப் பெற்றது. மூடியைக் கழற்றினாலன்றி அக்கருவியின் நிலை தெரியாது. உப்புக்காற்றில் உருக்கு நாக்குகள் துருவேறியிருக்கலாம். நாக்கின் நுனியில் இட்ட ஈயத்தைச் சுரண்டியும் கூட்டியும் சுருதி சேர்த்தல் வேண்டும்; கை தவறினால் நாக்கு ஒடியும். சுத்தியலின் கம்பளியைப் பூச்சி தின்றிருக்கலாம். இத்தனை அறிவையும் இடரையும் தாங்குபவனுக்கு ஊதியம் வேண்டாமா? வேண்டும் என்பதில் ஐயமில்லை. தேடிப் பெற்ற அறிவினால் எவ்விதப் பயனும் கிடையாதெனின் எவரும் அறிவைத் தேடார். ஆனால் அறிவுக்கு ஊதியம் பெறுதல் வேறு. மற்றவனின் அறியாமை முழுவதையும் வாரிக்கொள்ளுதல் வேறு. பழுதுபார்த்த பின் ஐந்து இலட்சம் ரூபா பெறும் கருவி ஒன்றைக் கொள்வோம். பழுதுபார்க்க ஒன்றரை இலட்சம், படகுக்கும் வண்டிக்கும் அரை இலட்சம், உழைப்புக்கு ஓர் இலட்சம், உள்ளே என்ன கிடக்குமோ என்னும் இடருக்கு அரை இலட்சம் எனக் கழித்தாலும் ஒன்றரை இலட்சம் எஞ்சுகின்றது. அது யாருடையது? அதனை வாங்குவோனின் அறிவு படைக்கவில்லை. கருவி படைத்தது; கருவி வீட்டுக்காரருடையது. பதினையாயிரத்தைக் கொடுத்துவிட்டு எஞ்சிய ஒரு இலட்சத்து முப்பத்தையாயிரத்தையும் அறிவின் ஊதியம் என்பவன், ஊதியத்தை இரண்டுமுறை பெறுகின்றான்.

மூன்றாவது மறுப்பு: வீட்டுக்காரர் மனம் நிறைந்தல்லவா கொடுத்தார், மனம் நிறைந்தவருக்குத் தீங்கு எங்கே? இதற்கு விடை எளிது. உடன்பாடு என்பது அறிந்த பொருளுக்கே செல்லும். அவர் பழைய பெட்டி ஒன்றை விற்க உடன்பட்டார். இலட்சங்கள் பெறும் இசைக்கருவியை விற்க உடன்படவில்லை. வாங்கிய அன்றிரவே உண்மை தெரியவருமாயின் அவர் மனம் நிறைந்திருக்குமா? இதனையே அளவுகோலாகக் கொள்ளலாம். கொண்டவன் தான் அறிந்த அனைத்தையும் விற்றவனின் முகத்துக்கு நேரே, விற்றபின் சொல்லத் துணிவானாயின் அந்த விலை நீதியானது. அவ்வீட்டு வழியே மறுபடி போகக் கூசுவானாயின் அது நீதியன்று.

இவ்விடத்தில் இக்கட்டுரையாளன் தன்னைப் பற்றியும் ஒரு செய்தி சொல்லக் கடமைப்பட்டுள்ளான். மாணவப் பருவத்தில் நண்பரொருவருடன் நெடுந்தீவுக்குச் சென்றிருந்தபோது, இசைநாடகங்களுக்குப் பின்னணி வாசித்து மறைந்த ஒருவரின் ஆர்மோனியப் பெட்டி விற்பனைக்கு இருப்பதாக அறிந்தேன். அவர் மனைவியாகிய முதியவர் அதனை வெள்ளைத் துணியிற் பொதிந்து வைத்திருந்தார். துருத்தி கிழிந்திருந்தது, கட்டைகள் மஞ்சளித்திருந்தன. ஆனால் மூடியைத் திறந்தபோது உள்ளே இருந்தவை பாரிஸ் றீட்டுக்கள் என்பதைக் கண்டேன். அவற்றின் அருமை எனக்குத் தெரியும். “என்ன விலை ஆச்சி?” என்று கேட்டேன். “எனக்கென்ன தம்பி தெரியும்? உங்களுக்குத் தெரியும்தானே, பார்த்துத் தாங்கோ” என்றார். நான் பார்த்தேன், கொடுத்தேன். கிழிந்த துருத்தியைப் பற்றிப் பேசினேன். றீட்டுக்களைப் பற்றிப் பேசவில்லை. நான் கொடுத்த தொகை புதிய பெட்டியொன்றின் விலையிற் காற்பங்கும் இராது. அவர் அதனை எண்ணாமலே முந்தானையில் முடிந்துகொண்டு, தேநீரும் தந்து வழியனுப்பினார்.

படகில் வரும்போது நண்பர் என்னைப் பாராட்டினார். அப்பாராட்டு எனக்கு இனித்தது என்பதையும் மறைத்தலாகாது. நான் பொய் எதுவும் சொல்லவில்லை. துருத்தி கிழிந்ததே என்றது உண்மை. அந்த உண்மையையே நான் திரையாகப் பயன்படுத்தினேன் என்பது பல ஆண்டுகளுக்குப் பின்னரே எனக்கு விளங்கிற்று. சொல்லாதிருத்தல் வேறு, மறைத்தல் வேறு என்ற டயோஜெனிஸின் வாதம் கேட்பதற்கு அழகானது. ஆனால் ஒரு பக்கத்துப் பழுதை எடுத்துச் சொல்பவன் மறுபக்கத்துச் சிறப்பைச் சொல்லாது விடும்போது, அவன் மௌனமும் ஒரு பேச்சாகிவிடுகின்றது.

‘பார்த்துத் தாங்கோ’ என்னும் சொல்லை நம் சமூகத்தில் நாள்தோறும் கேட்கின்றோம். கூலியாளும் சொல்கின்றார், வண்டிக்காரரும் சொல்கின்றார், வைத்தியரும் சொல்வதுண்டு. அதனை நாம் பேரத்தின் ஓர் உத்தியாகவே கருதப் பழகிவிட்டோம். சிலவேளை அது உத்தியாகவும் இருக்கலாம். ஆயினும் அச்சொல்லின் பொருளை ஆழ்ந்து நோக்கினால், விற்போன் தன் உரிமையொன்றை வாங்குவோனிடம் ஒப்படைப்பதைக் காணலாம். விலை சொல்லும் உரிமையே அது. அதனைப் பெற்றுக்கொண்ட கணமே வாங்குவோன் பேரம் பேசும் தரப்பினன் என்ற நிலையை இழந்து, தன் வழக்குக்குத் தானே நடுவனாகிவிடுகின்றான். வள்ளுவர் வாணிகத்தை நடுவுநிலைமை அதிகாரத்தில் வைத்ததன் பொருத்தம் இங்கேதான் முற்றாக விளங்குகின்றது. ஸ்கைவோலாவிடம் விலை சொல்லப்பட்டிருந்தது. அவர் கூட்டிக் கொடுத்தது பெருந்தன்மை எனலாம். விலையே சொல்லாது ‘பார்த்துத் தாங்கோ’ என்றவரிடம் நியாயமாகக் கொடுப்பது பெருந்தன்மையன்று, கடன்.

ஆயின் நடைமுறையிற் செய்யத்தக்கது யாது? அறவியல் கட்டுரைகள் பெரும்பாலும் இவ்வினாவின் முன் நின்றுவிடுகின்றன. பழைய கருவியை வாங்கச் செல்வோர் மூன்றைக் கைக்கொள்ளலாம் எனத் தோன்றுகின்றது. கருவியின் மூடியை விற்போர் முன்னிலையிலேயே திறத்தல் முதலாவது. பழுதையும் சிறப்பையும் இருவரும் ஒருங்கே காணட்டும். திருத்திய பின் அது என்ன விலை பெறும், திருத்த என்ன செலவாகும் என்னும் இரு தொகைகளையும் கூறுதல் இரண்டாவது. இடைப்பட்டதைப் பற்றிப் பேரம் பேசுவதில் தவறில்லை. மூன்றாவது, காலம் கொடுத்தல். இன்றே கொடுத்தாற் பணம், நாளையெனில் வேண்டாம் என்று நெருக்காது, அடுத்த படகு போய்வரும் வரையிலாவது பொறுத்தல். அந்த இடைவேளையில் விற்போர் யாழ்ப்பாணத்திலுள்ள மருமகனைக் கேட்கலாம். கனடாவிலுள்ள மகளோடு பேசலாம். தேசவழமை காணி விற்பனைக்கு வைத்த முன்னறிவித்தலின் பயன் இதுவே. பணமும் தொடர்பும் இல்லாதவனுக்கு அறிவைத் தேடிக்கொடுக்கக்கூடியது காலம் ஒன்றே. அதனை அவனிடமிருந்து பறிப்பதுதான் அவசரப் பேரத்தின் உட்பொருள்.

இவ்வாறு செய்தாற் பல நல்ல பொருட்கள் கைநழுவிப் போகும் என்பதை மறுப்பதற்கில்லை. சொன்னபின் விற்க மறுப்போரும் இருப்பர். அளவுக்கு மீறி விலை கேட்போரும் இருப்பர். மறுத்தல் அவர்கள் உரிமை. மீறிய விலையை மறுத்தல் நம் உரிமை. இழந்தது ஒரு கருவி மட்டுமே.

அந்த ஆர்மோனியப் பெட்டி இன்றும் என்னிடம் உண்டு. புதிய துருத்தி இட்டபின் அது நன்றாகவே பாடுகின்றது. சில ஆண்டுகள் கழித்து, கொடுக்கவேண்டிய மிகுதியை எடுத்துக்கொண்டு அத்தீவுக்கு மீண்டும் சென்றேன். வீடு பூட்டிக் கிடந்தது. ஆச்சி காலமாகிவிட்டார் என்றும், பிள்ளைகள் வன்னிப் பக்கம் போய்ப் பின்னர் எங்கு சென்றனரோ தெரியாது என்றும் அயலவர் கூறினர். ஈடுசெய்யக் கடமைப்பட்டவன் என்கின்றார் அக்குவைனஸ். ஈட்டைப் பெறுவதற்கு ஆளில்லாதபோது அக்கடன் தீர்வதில்லை, கொண்டவனிடமே தங்கிவிடுகின்றது. பேரம் முடிந்த கணத்தில் இருவரும் தத்தம் வழியே செல்கின்றனர் என்று இக்கட்டுரையின் தொடக்கத்திற் கூறினோம். அது முழு உண்மையன்று. விற்றவர் சென்றுவிடலாம். வாங்கியவன் தான் கொண்ட பொருளோடும், அதனைக் கொண்ட முறையோடும் வாழவேண்டியவனாகவே இருக்கின்றான்.